அத்தை வீட்டு எம்டன் பாட்டில்: ஒரு கண்ணாடிக் கப்பலின் வயதைத் தேடிய மூன்று வாரம்

தூத்துக்குடியில் அத்தை வீட்டு மரபீரோவின் உச்சித் தட்டில் ஒரு பாட்டில் படுத்திருக்கும். உள்ளே நீலக் கடல், அதில் நாலு பாய்மரத்தோடு ஒரு கப்பல், அதற்கு முன்னால் பஞ்சுப் புகை விட்டுக்கொண்டு விரலின் முதல் கணு அளவுக்கு ஒரு இழுவைப் படகு. சின்ன வயதில் எங்களைத் தொட விடமாட்டார்கள். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்க மட்டும் அனுமதி உண்டு. "எம்டன் கப்பல்காரன் உங்க பூட்டனுக்குக் கொடுத்தது" என்று அத்தை ஒவ்வொரு முறையும் சொல்வார். பூட்டன் என்றால் என் அப்பாவின் தாத்தா. கப்பலில் நெருப்புக்காரனாக, அதாவது கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவராக இருந்தவர்.

அத்தையின் முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று மாமா அதைப் பழைய வேட்டியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "உனக்குத்தான் இதுமேல ஆசை. நீயே வச்சிக்க மருமவனே." பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

எம்டன் கதை பொருந்தாது என்பது வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அந்த ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கரைக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து ஏறத்தாழ 130 குண்டுகள் போட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் இருட்டுக்குள் போய்விட்டது. ஆள் யாரும் கரையில் இறங்கவில்லை. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பலோடு சண்டையிட்டு அதன் கதை முடிந்தது. ஆனாலும் அத்தை சொன்னதை ஒரேயடியாக ஒதுக்க மனம் வரவில்லை. 1914-க்கு முன்பே வேறொரு ஜெர்மன்காரர் கொடுத்திருக்கலாம் அல்லவா? ஆகவே கேள்வியை இப்படி வைத்துக்கொண்டேன்: இந்த பாட்டில் அந்தப் போருக்கு முந்தியதா, பிந்தியதா?

இந்தக் கலையின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனியின் லூபெக் நகர அருங்காட்சியகத்தில் 1784 என்று ஆண்டு போட்ட பாட்டில் கப்பல் ஒன்று இருக்கிறது. ஆனால் மாலுமிகள் கையில் இது பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முன் பாட்டில்கள் கரும்பச்சையாகவும் குமிழி நிறைந்தும் இருந்தன. உள்ளே கப்பல் வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த கண்ணாடி மலிவானபோதுதான் கப்பலும் உள்ளே ஏறியது.

முதல் வேலை, எதையும் செய்யாமல் இருப்பது. பழைய பொருள் கைக்கு வந்ததும் துடைக்கத் தோன்றும். அடைப்பின்மேல் சிவப்பு அரக்கு வெடித்திருந்தது. அதைப் பிரித்து உள்ளே ஊதிவிட்டால் தூசு போகும் என்று தோன்றும். அந்த அரக்கும் தக்கையும் செய்தவர் கையால் வைத்தவை. அவை போனால் பாதிச் சாட்சி போய்விடும். அதனால் வெளிக்கண்ணாடியை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்து, உடனே உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றினேன். சோப்பு இல்லை, வினிகர் இல்லை.

அப்படியும் ஒரு தவறு செய்தேன். நல்ல வெளிச்சம் வேண்டுமென்று கிழக்கு ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் ஊசிமுனை அளவு நீர்த்துளிகள் பூத்துவிட்டன. அடைத்த பாட்டில் வெயிலில் சின்ன அடுப்பு மாதிரி ஆகிவிடும். மரத்திலும் தக்கையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் போய் ஒட்டும். நெஞ்சு படபடத்தது. நிழலில் எடுத்துவைத்து மறுநாள் காலை வரை தொடவில்லை. துளிகள் மெல்ல மறைந்தன, கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் எல்லாப் படமும் இரவில்தான். கீழே கறுப்புத் துணி, பக்கவாட்டில் ஒரு எல்இடி விளக்கு, பாட்டிலின் அடிப்பக்கத்திலிருந்து இன்னொன்று, போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ். வளைந்த கண்ணாடியில் எங்கு பார்த்தாலும் நெளிவு. பாட்டிலை அசைக்காமல் நாம்தான் நகர்ந்து நகர்ந்து நெளிவில்லாத சன்னலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பாட்டிலிலிருந்து தொடங்கினேன். கப்பலைவிடக் கண்ணாடி வெளிப்படையாகப் பேசும். ஊதுகுழலால் ஊதிச் செய்த பழைய பாட்டிலின் அடியில், வாயை முடிக்கும்போது பிடித்துக்கொள்ள ஒட்டிய கம்பியை உடைத்தெடுத்த கரடுமுரடான தழும்பு இருக்கும். 1860-களுக்குப் பிறகு அது அருகிப்போனது. பிறகு வந்தவை அச்சில் ஊதியவை. அவற்றின் பக்கவாட்டில் அச்சுக் கோடு ஏறும், ஆனால் வாய்விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடும்; விளிம்பைத் தனியாகக் கையால் முடித்ததால் அங்கே கோடு அழிந்துவிடும். விரல் நகத்தைப் பக்கவாட்டில் மெதுவாக ஓட்டினேன். தோளில் கோடு தட்டுப்பட்டது. கழுத்திலும் தட்டுப்பட்டது. அரக்கு உதிர்ந்த இடத்தில் வாய்விளிம்பின் உச்சி வரை போய் முடிந்தது. அப்படியானால் இது முழுக்க இயந்திரத்தில் வார்த்த பாட்டில்.

அடிப்பக்கத்தில் ஏதோ வளையம் மாதிரி தெரிந்தது. வெளிச்சத்தில் பிடிபடவில்லை. பட்டர் பேப்பரை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்தேன். கோயில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போலத்தான். காகிதத்தில் நடுவைவிட்டு ஒருபக்கம் ஒதுங்கி, ஓரம் இறகு மாதிரி பிசிறடித்த ஒரு வட்ட வடு வந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கி பாட்டில் இயந்திரத்தின் வடு அது. அந்த இயந்திரம் உருகிய கண்ணாடியை உறிஞ்சி எடுத்து, அடியில் கத்தியால் வெட்டும். வெட்டிய இடம்தான் இந்தப் பிசிறு. இயந்திரம் வந்தது 1903 வாக்கில். ஐரோப்பாவின் பாட்டில் ஆலைகள் ஒன்றுசேர்ந்து அதன் உரிமையை வாங்கியது 1907-ல்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பாட்டிலின் வயது கப்பலின் வயது ஆகாது. 1908-ல் வார்த்த பாட்டிலில் 1950-ல் கப்பல் வைக்கலாம். அதேபோல 1880-ன் கப்பலை 1930-ல் நினைவிலிருந்து செதுக்கலாம். ஒவ்வொரு பொருளும் "எனக்கு முன்னால் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். எல்லாவற்றிலும் கடைசியாக உலகத்துக்கு வந்த பொருள் எது என்று தேடிப்பிடிக்க வேண்டும். ஆக, முதல் வாரக் கணக்கு: ஐரோப்பிய பாட்டில் என்றால் 1907-க்குப் பின். எம்டன் காலம் இன்னும் உயிரோடு இருந்தது.

இரண்டாவது வாரம் மாமாவை வரச்சொன்னேன். மாமா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன தோணிகளில் முப்பது வருடம் இருந்தவர், பிற்காலத்தில் தண்டல், அதாவது தோணியின் தலைவர். படங்களை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய் நின்றார்.

"அணியத்துலருந்து எண்ணு. முத மூணு மரத்துலயும் குறுக்குப் பருமல். அமரத்துப் பக்கம் இருக்க கடைசி மரத்துல மட்டும் பாய் நெடுக்கால வருது பாரு. ஆள் சிக்கனத்துக்காக அப்படிக் கட்டுறது."

அணியம் கப்பலின் முன்பக்கம், அமரம் பின்பக்கம், பருமல் பாய் தொங்கும் குறுக்குக் கட்டை. அவர் சொன்னது அப்படியே சரி. மூன்று மரத்தில் சதுரப் பாய், நாலாவதில் நெடுக்குப் பாய் என்ற இந்த அமைப்பு 1880-களிலிருந்து பெரிய எஃகுச் சரக்குக் கப்பல்களுக்கே உரியது. சதுரப் பாய் கட்டிய ஒவ்வொரு மரத்திலும் ஆறு பாய் இருந்தது. பழைய கப்பல்களில் ஒரே பெரிய பாயாக இருந்த இடங்களில் இதில் மேலொன்று கீழொன்றாக இரண்டிரண்டு. சின்னப் பாயைச் சுருட்டக் கொஞ்சம் ஆள் போதும். நீராவியோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்த காலத்துப் பாய்க்கப்பல்களின் வடிவம் இது.

உடலின் வண்ணம் அதைவிடச் சொல்லியது. மேலே கறுப்பு, நீர்மட்டத்தில் மெல்லிய வெள்ளைப் பட்டை, அதன்கீழ் சிவப்பு. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்து எஃப். லைஸ் கம்பெனிக் கப்பல்களுக்கு இதுதான் வண்ணம். பாசாட், பெக்கிங், பாமிர், பதுவா என்று எல்லாப் பெயரும் 'ப'-வில் தொடங்கும் அந்தக் கூட்டம், சிலியிலிருந்து வெடியுப்பு ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி ஐரோப்பாவுக்கு வரும். பெக்கிங் இன்று ஹாம்பர்கிலும் பாசாட் டிராவெமுண்டேயிலும் மிதக்கின்றன. அவற்றின் படங்களையும் பாட்டிலையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். நடுவில் கப்பலின் முழு அகலத்துக்கும் எழும்பும் வெள்ளை மேல்தளம் வரை பொருந்தியது. பெரிய பாய்மரத்தின் உச்சியில் அரிசி அளவு வெள்ளைக் கொடி, அதில் இரண்டு சிவப்புக் கீறல். லைஸ் கம்பெனியின் கொடி, வெள்ளையில் சிவப்பாக எஃப், எல் என்ற இரண்டெழுத்து. செய்தவர் ஒற்றை மயிர்த் தூரிகையால் தொட்டு வைத்திருக்கிறார்.

எப்படி உள்ளே போனது என்று மாமா கேட்டார். அதையும் லென்ஸில் பார்த்துவிடலாம். கழுத்தின் உள்விட்டம் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர், கப்பலின் அகலம் 15 இருக்கும். மரங்களை அடியில் கம்பியால் கீல் போட்டு, பின்னால் சாய்த்துப் படுக்கவைத்து, பருமல்களையும் மரத்தோடு ஒட்டித் திருப்பி, அமரத்தை முன்னே விட்டுக் கழுத்து வழியாகச் செலுத்துவார்கள். ஈரப் பட்டியால் செய்த கடலில் அதை உட்காரவைத்து, வெளியே நீண்டு கிடக்கும் நூல்களை இழுத்தால் மரங்கள் ஒவ்வொன்றாக எழும். நூல்கள் அணியத்தில் நீட்டியிருக்கும் கொம்புமரத் துளைகள் வழியாக வரும். அங்கே பசை வைத்து வால்களை வெட்டிவிடுவார்கள். இந்தக் கொம்புமரத்தின் அடியில் நாலு பசைத்துளியும் வெட்டிய நூல்நுனிகளும் வரிசையாகத் தெரிந்தன. பிற்காலக் கடைச்சரக்குகளில் பாட்டிலின் அடியை அறுத்துக் கப்பலை வைத்து ஒட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒட்டுக்கோடு இதில் எங்கும் இல்லை.

"நாலு நூலு, நாலு மரம்" என்றார் மாமா. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்தது அமரத்துக் கொடி. இதில்தான் நான் அவசரப்பட்டேன். வெறுங்கண்ணுக்குக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று கிடைப்பட்டை. 1919 வரை இருந்த ஜெர்மன் பேரரசின் கொடி. பாட்டில் 1907-க்குப் பின், கொடி 1919-க்கு முன், எம்டன் நடுவில். அன்றிரவே அப்பாவுக்குப் போன் போட்டு "அத்தை சொன்னது காலக்கணக்குக்கு ஒத்துவருது" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அடிப்பக்க வெளிச்சத்தில் அதே கொடியை மறுபடி எடுத்தேன். கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில், கறுப்புப் பட்டைக்குள் ஏதோ ஒரு பொட்டு. தூசு என்று நினைத்தேன். வேறு கோணத்தில் எடுத்தாலும் அதே இடத்தில் இருந்தது. பெரிதாக்கினால் சிவப்புக் கோடு ஒன்று, அதன்கீழ் மஞ்சள் கோடு ஒன்று. ஒரு மில்லிமீட்டருக்குள் ஒரு குட்டிக் கொடி!

முதல் உலகப்போரில் தோற்று மன்னராட்சி போனபின், 1919-ல் வைமர் குடியரசின் அரசியலமைப்பு நாட்டுக்கொடியைக் கறுப்பு, சிவப்பு, பொன்னிறமாக மாற்றியது. கப்பல்காரர்கள் பழைய வண்ணத்தை விட மனமில்லாமல் இருந்தார்கள். அதனால் வணிகக் கப்பல்களுக்கு மட்டும் பழைய மூன்று பட்டையே தொடர்ந்தது, மேல்மூலையில் புதிய கொடியைச் சின்னதாகச் சேர்த்து. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்த மூலை எடுக்கப்பட்டது. ஆக, இந்தக் கொடி பறந்தது அந்தப் பதினான்கு வருடத்துக்குள் மட்டும்தான்.

லைஸ் கம்பெனியின் வரலாறும் இதோடு சேர்கிறது. போரின்போது அவர்களின் பாய்க்கப்பல்கள் பல சிலித் துறைமுகங்களில் முடங்கின. போருக்குப் பின் நேச நாடுகளுக்கு ஈட்டுத்தொகையாகப் போயின. 1920-களின் தொடக்கத்தில் கம்பெனி அவற்றில் சிலவற்றை விலைகொடுத்துத் திரும்ப வாங்கி மறுபடி ஓட்டியது. பதுவாவைப் புதிதாகக் கட்டியது 1926-ல். 1930-களின் தொடக்கத்தில் பாமிர், பாசாட், பெக்கிங் மூன்றும் கைமாறிவிட்டன. மூலைக்கொடியும் லைஸ் கொடியும் ஒரே கப்பலில் சேர்ந்து பறக்கக்கூடிய காலம் பத்துப் பன்னிரண்டு வருடம்தான்.

அப்பாவுக்கு மறுபடி போன் செய்து முன்பு சொன்னதைத் திருத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். "சரிப்பா, நல்லாப் பார்த்துச் சொல்லு" என்றார்.

பிற்காலத்தில் ஒருவர் பழைய கொடியைத் தெரிந்தே வரைந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தீர்க்க யூவி டார்ச் எடுத்தேன். ரூபாய் நோட்டு சோதிக்கக் கடைகளில் வைத்திருப்பார்களே, அதன் கொஞ்சம் நல்ல ரகம், 365 நானோமீட்டர். சாதாரணக் கண்ணாடி இந்த ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விடும். ஆனாலும் நம்பிவிடாமல், முதலில் ஒரு காலி பாட்டிலுக்குள் புது நோட்டுத்தாள் துண்டும் புது வெள்ளைத் தையல்நூலும் போட்டுப் பார்த்தேன். இருட்டறையில் இரண்டும் நீலவெள்ளையாகச் சுடர்விட்டன. காகிதத்திலும் நூலிலும் சேர்க்கும் வெண்மையூட்டும் ரசாயனத்தின் வேலை அது. அது பரவலானது 1940-களுக்குப் பிறகு.

பிறகு அத்தையின் பாட்டில். பாய்கள் அனைத்தும் காகிதம், ஒன்றில் மங்கலான நீலக்கோடு கூடத் தெரிகிறது. யாரோ கணக்கு நோட்டுத்தாளை வெட்டியிருக்கிறார்கள். ஒன்றுகூடச் சுடரவில்லை, பழுப்பாகவே நின்றன. நூல்களும் அப்படியே. இழுவைப் படகின் பஞ்சுப்புகை மட்டும் லேசாக வெளிறியது, அது பஞ்சின் இயல்பு. மேல்தளத்தின் வெள்ளையும் அலை நுரையின் வெள்ளையும் இளம்பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தன. துத்தநாக வெள்ளைப் பெயின்ட் அப்படித்தான் ஒளிரும். இன்று பெரும்பாலான வெள்ளைப் பெயின்டில் இருக்கும் டைட்டானியம் வெள்ளை என்றால் இருண்டு போயிருக்கும். பிற்காலக் கை பட்டதற்கான அடையாளம் எங்கும் இல்லை.

கடலைப் பற்றியும் சொல்லவேண்டும். சாக் பவுடரை லின்சீட் ஆயிலில் பிசைந்து நீலம் சேர்த்த பட்டி, தச்சர்கள் கண்ணாடி பதிக்க வைப்பதேதான். காய்ந்து இறுகி, கரையோரம் இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. அதிலிருந்து வருடக்கணக்காக எழுந்த எண்ணெய்ப் படலம்தான் உள்கண்ணாடியின் மேல்பாதியில் மங்கலாகத் தெரிவது. அதை அப்படியே விட்டுவிட்டேன். வெடிப்பு வழியாகக் கப்பல் ஆடுகிறதா என்று பார்த்தேன், அசையவில்லை.

பழுது என்று நான் செய்தது இரண்டே. அரக்கின் உதிர்ந்த துண்டுகளை மீன்பசை தொட்டு அதே இடத்தில் ஒட்டினேன். நீர் பட்டால் பிரித்துவிடலாம். பழைய தாங்குகட்டை ஒருபக்கம் உளுத்து பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அதைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, தேக்கில் புதியது செய்து, பாட்டில் படும் இடத்தில் பருத்தி நாடா ஒட்டினேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் மாமா அத்தையின் டிரங்குப் பெட்டியோடு வந்தார். ஞானஸ்நானச் சான்று, வீட்டுப் பத்திரம், அவற்றுக்கு அடியில் பூட்டனின் கப்பல் வேலைச் சான்றிதழ்கள் ஐந்து, நாலாக மடித்து. நாலு பிரிட்டிஷ் கப்பல்கள். ஐந்தாவது, 1928-ல் கல்கத்தாவில் ஏறி அடுத்த வருடம் அங்கேயே இறங்கிய ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பல். அந்தக் காலத்தில் சில ஜெர்மன் கம்பெனிகளும் இந்தியத் துறைமுகங்களில் ஆள் எடுத்தன. பிரேமனின் ஹன்சா கம்பெனி அவற்றில் பெரியது. பாய்க்கப்பலில் பழகி, பிறகு நீராவிக் கப்பலுக்கு மாறிய ஜெர்மன் மாலுமிகள் அப்போது நிறையப் பேர். தான் பழகிய கப்பலை நினைவிலிருந்து பாட்டிலுக்குள் வைத்துக்கொண்டிருந்த ஒருவரும், இரண்டு தளம் கீழே கரி தள்ளிக்கொண்டிருந்த என் பூட்டனும், ஒரே கப்பலில் ஒரு வருடம்.

சான்றிதழைப் பார்த்துவிட்டு மாமா சொன்னார்: "எங்க ஆளுங்க ஜெர்மன்காரன் எவனா இருந்தாலும் எம்டன்காரன்னுதான் சொல்லுவாங்க. எங்க ஐயா ஜெர்மன் சைக்கிளையே எம்டன் சைக்கிள்னுதான் சொல்வாரு."

அத்தை ஒருமுறைகூட "எம்டன் கப்பலிலிருந்து" என்று சொன்னதில்லை. எப்போதும் "எம்டன் கப்பல்காரன்" என்றுதான்.

பாட்டிலை இப்போது வெயில் படாத உள்சுவரில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் வைத்திருக்கிறேன். தாங்குகட்டைக்கு அடியில் ஒட்ட ஒரு சீட்டு எழுதினேன்: நாலு பாய்மரச் சரக்குக் கப்பல், ஹாம்பர்க் லைஸ் கம்பெனியின் வண்ணமும் கொடியும். இயந்திரத்தில் வார்த்த பாட்டில், 1907-க்குப் பின். கொடியின்படி 1919-க்கும் 1933-க்கும் இடையில். குடும்பக் காகிதத்தின்படி 1928 அல்லது 1929. அரக்கு ஒட்டியதும் தாங்குகட்டை மாற்றியதும் தவிர எதுவும் தொடப்படவில்லை.

மாமா வாசித்துவிட்டுப் பேனாவை வாங்கி, அதன்கீழ் தன் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்த்தார்: எம்டன் கப்பல்காரன் கொடுத்தது.